மலைப்பாதையில் மரதன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மலைப்பாதைகளில் மரதன் ஓடுவது பற்றி மலையகத்திலிருந்தும் வெளியிலிருந்தும் வந்த கடிதங்கள் இவ்விதழில் ஒன்றாகச் சேர்த்துப் பதிலளிக்கப்படுகின்றன. கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன. பெயரை வெளியிட வேண்டாமென்று சிலர் கேட்டுக்கொண்டதால், எல்லோருக்கும் ஊர் மட்டுமே குறிக்கப்பட்டுள்ளது.

கேள்வி: நான் தலவாக்கலையைச் சேர்ந்தவன், கொழும்பில் வேலை செய்து வெள்ளவத்தையில் தங்கியிருக்கிறேன். சமதரையில் முழு மரதனை 4 மணி 15 நிமிடத்தில் ஓடி முடித்திருக்கிறேன். இப்போது நண்பர்கள் சிலர் சேர்ந்து மலைப்பாதையில் 42 கிலோமீற்றர் ஓடத் திட்டமிடுகிறோம். தொடங்கிய இடத்திலேயே முடியும் அந்தப் பாதையின் மொத்த ஏற்றம் ஏறத்தாழ 2,000 மீற்றர். எவ்வளவு நேரம் எடுக்கும்? ஊருக்கு மாதம் ஒருமுறைதான் போக முடிகிறது. கொழும்பில் இருந்துகொண்டு இதற்கு எப்படிப் பயிற்சி எடுப்பது? (வெள்ளவத்தை)

பதில்: முதலில் நேரக் கணக்கைப் பார்த்துவிடுவோம். மலையோட்டப் பாதைகளின் கடினத்தை அளப்பதற்குச் சர்வதேச டிரெயில் ஓட்டச் சங்கம் கையாளும் வழி எளிமையானது: மொத்த ஏற்றத்தில் ஒவ்வொரு 100 மீற்றரையும் 1 கிலோமீற்றராகக் கொண்டு, அதைப் பாதையின் தூரத்தோடு கூட்டிக்கொள்ள வேண்டும். அப்படிப் பார்த்தால் உங்கள் 42 கிலோமீற்றருடன் 20 சேர்ந்து 62 ஆகிறது. சமதரையில் நீங்கள் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 6 நிமிட வேகத்தில் ஓடியிருக்கிறீர்கள். அதே வேகத்தில் 62 கிலோமீற்றர் ஓட 6 மணி 15 நிமிடம் பிடிக்கும். பாதை கல்லும் சேறுமாக இருக்குமானால் 7 மணி நேரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, அதற்கேற்பச் சாப்பாடும் தண்ணீரும் ஆயத்தம் செய்வதே புத்தி. கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கிலோமீற்றருக்கு இத்தனை நிமிடம் என்று ஓடும் பழக்கத்தையும் மலையடிவாரத்திலேயே விட்டுவிடுங்கள். செங்குத்தான ஒரு கிலோமீற்றருக்கு 14 நிமிடமும், அடுத்த இறக்கத்தில் 6 நிமிடமும் ஆவது மலையில் இயல்பு.

இந்தக் கணக்கில் எனக்கு ஒரு குறை உண்டு. ஏற்றத்துக்கு விலை வைக்கும் அது இறக்கத்துக்கு எதையும் வைப்பதில்லை. உங்கள் பாதையில் 2,000 மீற்றர் ஏறுகிறவர் 2,000 மீற்றர் இறங்கியும் ஆக வேண்டும். மலை மரதனில் காலை வாங்கிவிடுவது பெரும்பாலும் அந்த இறக்கம்தான். சிவனொளிபாத மலைக்கு நல்லதண்ணிப் பக்கமாகப் போய் வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஏறத்தாழ 5,500 படிகள். ஏறும்போது மூச்சு இளைத்தாலும், நின்று நின்று, ஒரு தேநீர்க் கடையில் இருந்து எழும்பி, எப்படியோ உச்சிக்குப் போய்விடுகிறோம். சூரியோதயம் பார்த்துவிட்டுத் திரும்பும்போதுதான் பாதிவழியில் முழங்கால் நடுங்கத் தொடங்குகிறது. கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டாக ஒவ்வொரு படியாக இறங்கும் கூட்டத்தை ஒவ்வொரு பருவத்திலும் காணலாம். வீடு திரும்பிய மறுநாள் வாசற்படி இறங்குவதற்குக்கூடச் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இதற்குக் காரணம் தொடையின் முன்பக்கத் தசை வேலை செய்யும் விதம். ஏறும்போது அத்தசை சுருங்கி உடலை மேலே தூக்குகிறது. இறங்கும்போதோ, உடலின் பாரத்தைத் தாங்கிக்கொண்டே அது நீள வேண்டியிருக்கிறது. பாரத்தோடு நீளும் தசையில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. வலி உடனே தெரியாமல், முதல் நாளிலிருந்து மூன்றாம் நாளுக்குள் உச்சத்தை அடைகிறது. மூச்சுக்கும் இருதயத்துக்கும் இறக்கம் இலகுவாக இருப்பதால், ஓடுகிறவர் தம் காலில் நடப்பதை அறியாமல் வேகத்தைக் கூட்டிவிடுகிறார். 30 கிலோமீற்றரில் கால் கட்டையாகிப் போகும்போதுதான் முதல் இறக்கத்தில் செய்த அவசரத்தின் கணக்கு வந்து சேர்கிறது.

நல்ல செய்தி என்னவென்றால், இந்தச் சிதைவுக்குத் தசை மிக விரைவில் பழகிக்கொள்ளும். ஒரே ஒரு முறை இறக்கத்தில் நன்றாக ஓடிப் பயின்ற தசைகூட, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலைக்கு முன்போல் சேதமடைவதில்லை. ஆகையால் மாதம் ஒருமுறை ஊருக்குப் போவது உங்களுக்குப் போதாத காரியமே அல்ல. அந்தப் பயணத்தை இறக்கத்துக்கென்று ஒதுக்குங்கள். தோட்டப் பாதையொன்றில் நடந்தே ஏறி, ஓடி இறங்கி, மறுபடியும் ஏறி இறங்குங்கள். முதல் மாதம் மொத்தம் 400 மீற்றர் இறங்கினால் போதும். அடுத்த மாதம் 800, அதற்கடுத்த மாதம் 1,200 என்று கூட்டிக்கொண்டு போகலாம். கடைசிப் பெரிய இறக்கத்துக்கும் ஓட்ட நாளுக்கும் இடையில் இரண்டு, மூன்று வாரங்கள் இருக்கட்டும். இறங்கும்போது எட்டி எட்டி வைக்காமல் குறுகிய, விரைவான அடிகளாக வையுங்கள். உடலைப் பின்னால் சாய்த்தால் குதிகால் வழுக்கும், முழங்காலும் அடி வாங்கும். பார்வை காலடியில் அல்ல, மூன்று நான்கு மீற்றர் முன்னால் இருக்க வேண்டும்.

கொழும்பில் இருக்கும் நாட்களுக்கு வெள்ளவத்தையின் அடுக்குமாடிகள் போதும். படியேறிப் பயிற்சி எடுப்பவர்கள் பலரும் மேலே போய்விட்டு லிஃப்ட்டில் இறங்குகிறார்கள். உங்களுக்கு வேண்டியது படியிறக்கம். வாரத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் ஏறி இறங்கினாலே தொடைக்குத் தெரியும். ஏற்றத்தைப் பற்றி ஒரே வார்த்தை: செங்குத்தான இடத்தில் நடங்கள். குறிப்பிட்ட சரிவுக்கு மேல் ஓடுவதைவிட வேகமாக நடப்பதில்தான் சக்திச் செலவு குறைவு, நேர இழப்பும் சொற்பம். வாய்திறந்து ஒரு முழு வசனம் பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால், அந்த ஏற்றத்தை வேகமாக ஏறுகிறீர்கள் என்று பொருள்.

கேள்வி: எங்கள் தோட்டத்துத் திருவிழா மரதனில் வெறுங்காலோடு 10 கிலோமீற்றர் ஓடி முதலிடம் பெற்றிருக்கிறேன். தினமும் மலை ஏறி இறங்கித்தான் வேலைக்குப் போகிறேன். 42 கிலோமீற்றருக்குத் தனியாகப் பயிற்சி வேண்டுமா? சப்பாத்து கட்டாயமா? (பொகவந்தலாவை)

பதில்: தம்பி, முதல் கடிதத்தை எழுதியவர் பல மாதம் பாடுபட்டுச் சேர்க்க வேண்டிய கால் உங்களுக்கு வேலையிலேயே கிடைத்திருக்கிறது. அதில் ஐயமில்லை. ஆனால் 10 கிலோமீற்றரை ஒரே மூச்சில் வென்றவர்கள்தான் 42இல் முதலில் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் அவர்களுக்கு மெதுவாகத் தொடங்கத் தெரியாது. உடலில் சேமித்து வைத்திருக்கும் மாச்சத்து, வேகமாக ஓடினால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்பின்னாகத் தீர்ந்துவிடும். திருவிழா ஓட்டத்தில் அந்த எல்லைக்கு நீங்கள் போனதே இல்லை. வாரத்தில் ஒரு நாள் நீண்ட நேரம், மிக நிதானமாக, வழியில் சாப்பிட்டுக்கொண்டே ஓடப் பழகுங்கள். முதலில் 2 மணி நேரம், பின்பு 3, ஓட்டத்துக்கு முந்திய மாதத்தில் ஒருமுறை 4 மணி நேரம். உங்களுக்கு இதைவிட வேறு பயிற்சி அதிகம் தேவையில்லை.

வெறுங்காலோடு ஓடி 1960 ரோம் ஒலிம்பிக் மரதனை வென்ற எத்தியோப்பியர் அபெபே பிகிலா, 1964இல் டோக்கியோவில் சப்பாத்து அணிந்து மறுபடியும் வென்றார். இரண்டும் நகரத்து வீதிகள். கருங்கற்கள் பெயர்ந்து கிடக்கும் தோட்டப் பாதையில், களைப்பில் அடி சரியாக விழாத கடைசி 10 கிலோமீற்றருக்கு, நான் சப்பாத்தையே சொல்வேன். விலை கூடியது வேண்டியதில்லை. அடிப்பாகத்தில் நல்ல பிடிப்பு இருக்க வேண்டும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் மோதி மோதிக் கறுத்துவிடும். இதுவரை சப்பாத்தே அணியாத கால் அதற்குப் பழக இரண்டு மாதமாவது எடுக்கும் என்பதால், ஓட்டத்துக்கு முந்திய வாரம் வாங்கி அணிவதைவிட வெறுங்காலே மேல்.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து நுவரெலியாவுக்கு வந்து ஓட விரும்புகிறேன். அங்கே ஒட்சிசன் குறைவு என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா? (கோண்டாவில்)

பதில்: உண்மைதான், ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வளியமுக்கம் கடலோரத்தைவிட ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைவு; ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசனும் அதே வீதத்தில் குறைகிறது. சாதாரணமாக நடக்கும்போது பெரிதாகத் தெரியாது. ஓடும்போது, யாழ்ப்பாணத்தில் இலகுவாக இருந்த வேகம் அங்கே கடினமாகத் தோன்றும். தலைவலி, வாந்தி என்று தொடங்கும் மலைநோய் பொதுவாக 2,500 மீற்றருக்கு மேல் தங்குபவர்களுக்கே வருவது. நம் நாட்டின் மிக உயர்ந்த சிகரமான பிதுருதலாகலவே 2,524 மீற்றர்தான். விடுமுறை கிடைத்தால் சில நாட்கள் முன்னதாக வந்துவிடுங்கள். கிடைக்காவிட்டால், முதல் 10 கிலோமீற்றரை வேண்டுமென்றே மந்தமாக ஓடினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

உங்களுக்கு உண்மையான எதிரி குளிராக இருக்கலாம். ஜனவரி, பெப்ரவரி அதிகாலைகளில் நுவரெலியாவில் புல்மேல் உறைபனி படியும் நாட்கள் உண்டு. தொடக்கக் கோட்டில் நிற்கும்வரை பழைய ஸ்வெட்டர் ஒன்றைப் போட்டிருங்கள்.

கேள்வி: நான் உடற்கல்வி ஆசிரியை. நீண்ட ஓட்டமொன்றில் எங்கள் குழுவில் ஒருவர் நிறையத் தண்ணீர் குடித்தும் தலைசுற்றி, வாந்தியெடுத்து, பேச்சும் குழம்பி விழுந்தார். தண்ணீர் போதவில்லை என்று இன்னும் குடிக்கக் கொடுத்தோம். அது சரியா? மலையோட்டத்தில் என்ன சாப்பிடக் கொடுக்கலாம்? (பண்டாரவளை)

பதில்: உங்கள் கடிதத்தில் உள்ள அறிகுறிகளைப் பார்த்தால், அவருக்குத் தண்ணீர் குறைந்ததைவிடக் கூடியிருக்கலாம் என்ற ஐயமே எனக்கு வருகிறது. அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்கும்போது குருதியில் சோடியம் நீர்த்துப்போகிறது. மூளை வீங்கி, குழப்பம், வலிப்பு, மரணம் வரைகூடப் போகலாம். 2002ஆம் ஆண்டு பொஸ்டன் மரதனில் குருதி பரிசோதிக்கப்பட்டவர்களில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது உடல் எடை கூடியவர்களும், 4 மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களும் அவர்களில் அதிகம். மலை மரதனில் பெரும்பாலானவர்கள் 4 மணி நேரத்துக்கு மேல்தான் ஓடுகிறார்கள். நம் மலைக் குளிரில் வியர்வையும் கொழும்பு அளவுக்கு இராது. ஆகவே மைல்கல்லுக்கு ஒரு கோப்பை என்று கணக்கு வைத்துக் குடிக்காமல், தாகத்துக்குக் குடிக்கச் சொல்லுங்கள். பேச்சுக் குழம்பினால் தண்ணீர் புகட்டாமல் உடனே 1990 அம்புலன்ஸை அழைக்க வேண்டும். பாதையில் எந்த இடத்துக்கு வாகனம் வர முடியும், எந்த மேட்டில் தொலைபேசி அலைவரிசை கிடைக்கும் என்பதை ஓட்டத்துக்கு முன்பே குறித்து வைத்திருப்பது உங்கள் பொறுப்பு.

சாப்பாட்டுக்கு வருவோம். மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 25 கிராம் இருக்கிறது. ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியில் பெரும்பங்கு சீனியே. கடையில் விற்கும் ஜெல் பொதிகள் வேலை செய்யும், ஆனால் விலை அதிகம். வாழைப்பழமும் கருப்பட்டியும் உப்புப் போட்டு அவித்த உருளைக்கிழங்கும் அவற்றுக்குக் குறைந்தவை அல்ல. தேங்காய் ரொட்டி நம் எல்லோருக்கும் பிடித்தது. கொழுப்பு அதிகம் என்பதால் ஓட்டத்தின் நடுவில் வயிற்றில் கிடந்து உருளும். அதை ஓட்டம் முடிந்த பின் கட்டைச் சம்பலோடு கொடுங்கள், எவரும் மறுக்கமாட்டார்கள். ‘ஜீவனி’ என்னும் நீரிழப்புக்கான உப்புப் பொடியைக் கரைத்துக் கொடுப்பதாக இருந்தால் பொதியில் குறித்துள்ள அளவு நீரில்தான் கரைக்க வேண்டும். அது உப்புக்கு உதவும், சக்திக்கு உதவாது; உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி அத்தகைய கரைசலில் லீற்றருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ் மட்டுமே உண்டு. எதைக் கொடுத்தாலும் பயிற்சி ஓட்டங்களில் முன்பே தின்று பழகியதாக இருக்கட்டும்.

கேள்வி: எந்த மாதத்தில் ஓட்டத்தை வைத்தால் மழையிலும் அட்டையிலும் குளவியிலும் தப்பலாம்? (மஸ்கெலியா)

பதில்: அது மலையின் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை உங்கள் மஸ்கெலியா, ஹட்டன், வட்டவளைப் பக்கத்தை நனைத்தெடுக்கிறது. அதே காலத்தில் பதுளை, வெலிமடைப் பக்கம் கச்சான் காற்று வீச, காய்ந்து கிடக்கும். டிசம்பரில் நிலைமை தலைகீழாகி, வடகீழ்ப் பருவமழை ஊவாவின் பக்கம் விழுகிறது. உங்கள் பக்கத்துக்கு ஜனவரி முதல் மார்ச் வரை உகந்த காலம். ஆனால் சிவனொளிபாத மலைப் பருவம் டிசம்பர்ப் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் வரை நடப்பதால், நல்லதண்ணி வீதியில் போயா நாளிலும் வார இறுதியிலும் ஓட்டம் வைக்கக் கூடாது. வாகன நெரிசலில் ஓடவும் முடியாது, யாத்திரிகர்களுக்கும் இடைஞ்சல்.

அட்டைக்குக் காலிலும் காலுறையிலும் சவர்க்காரத்தைத் தண்ணீர் விடாமல் பூசிக்கொள்ளும் பழைய வழக்கம் போதும். ஏறிவிட்டால் இழுத்துப் பிய்க்காமல் நகத்தால் நெம்பி எடுங்கள். குளவி அப்படியல்ல. கொழுந்தெடுக்கும் பெண்கள் குளவிக்கொட்டுக்கு ஆளாகி வைத்தியசாலையில் அனுமதிக்கப்படும் செய்தி வராத மாதமில்லை. எந்த மலையில், எந்த மரத்தில் கூடு இருக்கிறது என்பது அங்கே வேலை செய்பவர்களுக்குத் தெரியும். பாதையைத் தீர்மானிக்கும்முன் அவர்களிடமும் தோட்ட அலுவலகத்திலும் கேளுங்கள், முதல் நாள் மாலையில் மறுபடியும் கேளுங்கள். கலைந்துவிட்டால் கையை வீசி அடிக்காமல், முகத்தையும் கழுத்தையும் மூடிக்கொண்டு ஓடி விலக வேண்டும். உடலெங்கும் தடித்தாலோ மூச்சு முட்டினாலோ பல இடங்களில் கொட்டியிருந்தாலோ, வலி பொறுக்கக்கூடியதாக இருந்தாலும் வைத்தியசாலைக்குப் போயே ஆக வேண்டும்.

கேள்வி: கண்டியில் இருக்கும் எங்களுக்கு நீண்ட மலைப் பயிற்சிக்கு எந்தப் பாதைகளைச் சொல்வீர்கள்? ரயில் பாதையோரம் ஓடலாமா? (கட்டுகஸ்தோட்டை)

பதில்: பெக்கோ டிரெயில் என்னும் நடைபாதை உங்கள் ஊரிலிருந்துதான் தொடங்குகிறது. 22 பகுதிகள், 300 கிலோமீற்றருக்கு மேல். ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல வழியாகச் சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. பெரும்பாலும் பழைய தோட்டப் பாதைகள் என்பதால் வாகனம் குறைவு. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் வணிகத் தேயிலையைத் தொடங்கிய லூல்கந்துர தோட்டத்தைத் தொட்டுச் செல்லும் ஆரம்பப் பகுதிகள் உங்களுக்கு அண்மையானவை. ஒரே ஏற்றத்தைப் பலமுறை பயில வேண்டுமென்றால், ஹப்புத்தளைக்கு அப்பால் தம்பத்தனைத் தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீட் என்னும் காட்சிமுனை வரை போகும் 7 கிலோமீற்றர் பாதையே என் தெரிவு; ஓடி இறங்குவதற்கு அதைவிட நல்ல சரிவு எனக்குத் தெரியாது. காலை 7 மணிக்குப் பின் வேலைக்குப் போகிறவர்களின் பாதை அது. ஒதுங்கி வழிவிட்டு ஓடுங்கள்.

ரயில் பாதையில் ஓடாதீர்கள். வளைவுகளில் புகையிரதம் வருவது கடைசி நேரம்வரை தெரியாது. கொட்டகலைக்கும் ஹட்டனுக்கும் இடையிலான சிங்கமலைச் சுரங்கம் அரைக் கிலோமீற்றருக்கு மேல் நீளமானது. உள்ளே ஒதுங்குவதை நம்பி நுழையக் கூடாது.

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. பாடசாலையில் 3,000 மீற்றர் ஓடுகிறாள். மலை மரதன் ஓட வேண்டுமென்று அடம்பிடிக்கிறாள். அண்மைக் காலமாகச் சீக்கிரம் களைத்துப் போகிறாள். விடலாமா? (இராகலை)

பதில்: மரதனுக்கு இப்போது வேண்டாம். பெரும்பாலான போட்டிகள் 18 வயதுக்குக் குறைந்தவர்களை முழு மரதனுக்குச் சேர்ப்பதில்லை, அது நியாயமும்கூட. 3,000 மீற்றரிலும் 5,000 மீற்றரிலும் அவள் பெறும் வேகம் பின்னாளில் வீண்போகாது. நீங்கள் கடைசியாக எழுதிய வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வைத்தியரிடம் காட்டி ஹீமோகுளோபின் அளவைப் பரிசோதியுங்கள். தோட்டப்புறப் பெண்களிடையே இரத்தச்சோகை பொதுவான குறை, நீண்ட தூரம் ஓடும் பெண்பிள்ளைகளிடம் இன்னும் எளிதில் வரும். சாப்பாட்டோடு தேநீர் குடிக்கும் நம் வழக்கம், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. தேநீரை நிறுத்தச் சொல்லவில்லை, மலையகத்தில் அதைச் சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும். சோற்றோடு ஒரு துண்டு தேசிக்காய் பிழிந்து கொண்டால் இரும்பு கூடுதலாகச் சேரும்.

கேள்வி: இறக்கத்தில் முழங்கால் வலிக்கும் என்று ஓட்டத்துக்கு முன்பே வலி மாத்திரை போட்டுக்கொள்ளும்படி நண்பர் சொல்கிறார். போடலாமா? (ஹட்டன்)

பதில்: கூடாது. இபுபுரோஃபன் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் குருதியோட்டத்தைக் குறைக்கின்றன. நீரிழப்பும் தசைச் சிதைவும் ஏற்கெனவே சிறுநீரகத்தை நெருக்கும் நாளில் அவற்றைப் போடுவது ஆபத்து. வலியை மறைத்துவிட்டு இறக்கத்தில் ஓடினால் சேதமும் கூடும். ஓட்டத்துக்குப் பின் வலி தாங்காவிட்டால், நன்றாகக் குடித்துச் சாப்பிட்டு, சிறுநீர் வழமைபோல் போன பிறகு, பரசிட்டமோலைப் பொதியில் உள்ள அளவுப்படி எடுத்துக்கொள்ளலாம். மறுநாளோ அதற்கு மறுநாளோ தொடை வீங்கி, சிறுநீர் வெறுந்தேநீர் நிறத்தில் போனால், அதைச் சாதாரணக் களைப்பென்று விட்டுவிடாமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போய், மலையில் ஓடியதையும் எத்தனை மணி நேரம் ஓடினீர்கள் என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.